ஹேண்ட்போன் முதுகுல ஒட்டுற மெலிசு பவர் பேங்க்: சிங்கப்பூர்ல வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா என்னென்ன பாக்கணும்

போன வாரம் அக்கா பையன் ஒரு லிங்க் அனுப்பினான். "மாமா, இது நல்லாருக்கா, 18 வெள்ளிதான், 10000னு போட்டிருக்கு, காந்தத்துல ஒட்டிக்குமாம், வாங்கிடவா?" நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான், உன் ஹேண்ட்போன் என்ன மாடல்டான்னு. கேலக்ஸி ஏ வரிசைன்னான். அந்த வரிசைக்கு வயர்லெஸ் சார்ஜிங்கே கிடையாது. வாங்கியிருந்தான்னா ஒரு வளையத்தை ஒட்டி அதுமேல இதை ஒட்டி, நாள் பூரா பாக்கெட்ல சுமந்திருப்பான், ஒரு பர்சன்ட் கூட ஏறியிருக்காது. அவனுக்கு ஃபோன்ல சொன்னது அரை மணி நேரம் ஆச்சு, சொல்லி முடிச்சப்புறம்தான் இதையே எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகுமேன்னு தோணுச்சு.

இது சின்ன பொருள்தானேன்னு விட முடியல, ஏன்னா நம்ம ஊர்ல பர்ஸே இப்ப ஹேண்ட்போன்தான். எம்ஆர்டி கேட்ல தட்டுறது அதுல, கோப்பிக்கடையில பேநவ் அதுல, சிடிசி பற்றுச்சீட்டு அதுல, பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட் அதுல, சிங்பாஸ் அதுல. தைப்பூசத்தன்னிக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் தம்பியோட காவடிக்குப் பின்னாடியே வீடியோ எடுத்துக்கிட்டு நடந்தேன், கோயில் வாசலுக்கு வர்றப்போ ஹேண்ட்போன் செத்துப்போச்சு, அம்மா எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு கேக்கக்கூட வழியில்லாம முக்கால் மணி நேரம் கூட்டத்துல தேடினேன். அன்னிக்கு பவர் பேங்க் வீட்லதான் இருந்துச்சு. செங்கல் மாதிரி கனம், அதனால எடுத்துட்டுப் போகல. அதுலேர்ந்து எனக்கு ஒரே கணக்குதான், வீட்ல இருக்குற 20000ஐ விட பாக்கெட்ல இருக்குற 5000 பெருசு. கீழ சொல்ற எல்லாமே அந்தக் கணக்கை வச்சுதான்.

முதல் படி: உங்க ஹேண்ட்போன் இதை வாங்கிக்குமா

இதைப் பாக்காம வேற எதையும் பாக்காதீங்க. ஐஃபோன் 12லேர்ந்து, அதாவது 2020லேர்ந்து, முதுகுக்குள்ளயே காந்த வளையம் இருக்கு, ஆப்பிள் அதுக்கு வச்ச பேரு மேக்சேஃப். அதுக்கு முன்னாடி ஐஃபோன் 8லேர்ந்து 11 வரைக்கும் வயர்லெஸ் சார்ஜிங் உண்டு, காந்தம் கிடையாது. 2025ல வந்த 16இ மாடல் புதுசா இருந்தாலும் அதுலயும் காந்தம் இல்ல, வயர்லெஸ் வேகமும் 7.5 வாட்தான், இது தெரியாம வாங்கினவங்க நிறைய பேர் இருக்காங்க. கூகிள் பிக்சல் 10ல காந்தம் உள்ளயே வந்துடுச்சு. சாம்சங் எஸ்25 வரிசையில வயர்லெஸ் இருக்கு, காந்தம் உள்ள இல்ல, காந்தம் வச்ச கவர் போட்டா வேலை செய்யும், அதைத்தான் அவங்க "ரெடி"ன்னு எழுதுறாங்க, ரெடின்னா இருக்குன்னு அர்த்தமில்ல. பழைய எஸ் வரிசையும் கிட்டத்தட்ட அப்படித்தான், கவர் போட்டா ஒட்டும், ஆனா வேகம் கம்மியா இருக்கும்.

அப்புறம் கேலக்ஸி ஏ வரிசை, ரெட்மி நோட் மாதிரி நடுத்தர விலை ஹேண்ட்போன். நம்ம ஆளுங்க நிறைய பேர் கையில இருக்குறது இதுதான். இதுக்குள்ள வயர்லெஸ் வாங்குற சுருளே கிடையாது. காந்த வளையம் ஒட்டினா பவர் பேங்க் ஒட்டும், சார்ஜ் ஏறாது. நீங்க இந்தக் கூட்டம்னா கேபிள் கூடவே வர்ற மெலிசு பவர் பேங்க் ஒண்ணு வாங்குங்க, விலையும் கம்மி, சார்ஜும் அதிகமா ஏறும். அக்கா பையனுக்கும் அதைத்தான் வாங்கச் சொன்னேன்.

ரெண்டாவது: கவரு

உள்ள காந்தம் இருந்தாலும் மேல தடியான சாதா கவர் போட்டிருந்தா பிடிப்பு பாதியா போயிடும், பேக்கெட்ல போட்டவுடனே நழுவும். கவருக்குள்ளயே வளையம் வச்சதா பாத்து வாங்குங்க. பின்னாடி ஈஸி லிங்க் கார்டோ பேங்க் கார்டோ ஆபீஸ் பாஸோ செருகி வைக்கிற கவர்னா, பவர் பேங்க் ஒட்டுறதுக்கு முன்னாடி அதை எடுத்துடணும், ஆப்பிளே சொல்றாங்க, நடுவுல கார்டு இருந்தா அதோட காந்தப் பட்டையோ சிப்போ கெட்டுப்போகலாம்னு.

சாம்சங் அல்ட்ரா வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. காந்தம் பக்கத்துல இருந்தா எஸ் பேனா, அதாவது அதோட ஸ்க்ரீன்ல எழுதுற பேனா, சில இடத்துல எழுதாது. பேனா உடைஞ்சிடுச்சுன்னு பதறாதீங்க, பவர் பேங்கை எடுத்துட்டு எழுதிப் பாருங்க.

இன்னொண்ணு, இதை யாரும் கடையில சொல்ல மாட்டாங்க. வீட்ல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பேஸ்மேக்கர் வச்சிருந்தா, காந்தம் இருக்குற பொருளை சட்டைப் பாக்கெட்ல வைக்க விடாதீங்க. 15 சென்டிமீட்டருக்கு மேல தள்ளியிருக்கணும், வயர்லெஸ்ல சார்ஜ் ஆயிட்டிருந்தா 30 சென்டிமீட்டருக்கு மேல, இது ஆப்பிள் சொல்ற அளவு. நம்ம வயசானவங்க ஹேண்ட்போனை இடது பக்க சட்டைப் பாக்கெட்லதான் போடுவாங்க, அது சரியா நெஞ்சுக்கு மேல. அவங்களுக்கு கேபிள்தான் நல்லது, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மூணாவது: எவ்வளவு கொள்ளளவு வேணும்

இங்கதான் எல்லாரும் ஏமாறுறது, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பெட்டி மேல பெருசா எழுதியிருக்குற 5000, 10000ங்கிறது எம்ஏஎச், அதாவது மில்லியாம்ப் ஹவர் கணக்கு. அந்த எண்ணை மட்டும் வச்சு எவ்வளவு சார்ஜ் கிடைக்கும்னு சொல்ல முடியாது, அது எந்த வோல்ட்ல எடுத்த எண்ணுன்னு தெரியணும். ஆப்பிள் 2021ல ஒரு மேக்சேஃப் பேட்டரி விட்டாங்க, அதுல வெறும் 1460 எம்ஏஎச்தான், எல்லாரும் இவ்வளவுதானான்னு கேட்டாங்க, ஆனா அது 7.62 வோல்ட்ல 1460, பெருக்கிப் பாத்தா 11.13 வாட் ஹவர், அதாவது உள்ள இருக்குற மொத்த சக்தியோட அளவு. சாதா பவர் பேங்க்ல போடுற செல் 3.7லேர்ந்து 3.9 வோல்ட் கிட்ட, அந்தக் கணக்குல அது 3000 எம்ஏஎச்க்கு சமம். அதனால பின்னாடி பொடி எழுத்துல இருக்குற வாட் ஹவர் எண்ணைப் பாருங்க, ரெண்டு பொருளை ஒப்பிட்டுப் பாக்க அந்த எண்ணு ஒண்ணுதான் நம்பலாம். 5000னா 18லேர்ந்து 19 கிட்ட இருக்கணும், 10000னா 37லேர்ந்து 38 கிட்ட.

இப்ப அந்த 19 வாட் ஹவர் முழுசா உங்க ஹேண்ட்போனுக்குள்ள போகாது. வயர்லெஸ்னா ஒரு சுருள்லேர்ந்து இன்னொரு சுருளுக்கு காத்துல தாண்டணும், தாண்டுறப்போ ஒரு பங்கு சூடா போயிடும், வோல்ட் மாத்துற சர்க்யூட்ல இன்னொரு பங்கு போகும். பத்துல ஆறு பங்கு உள்ள போச்சுன்னா நல்ல பொருள்னு நான் வச்சுக்குவேன். அதாவது 5000 பவர் பேங்க் வயர்லெஸ்ல கொடுக்கிறது 11, 12 வாட் ஹவர். சாதா ஐஃபோன் 15 பேட்டரி 13 வாட் ஹவர் கிட்ட, அதை முக்காலுக்கு மேல நிரப்பும், முழுசா ஒரு தடவை நிரப்பாது. 16 ப்ரோ மேக்ஸ் பேட்டரி 18 கிட்ட, அதுக்கு 60 பர்சன்ட் சுமார் ஏறும். சாம்சங் எஸ்25 அல்ட்ரா 5000 எம்ஏஎச் பேட்டரி, அதுக்கும் கிட்டத்தட்ட அதேதான். "என் ஹேண்ட்போனும் 5000, இதுவும் 5000, அப்ப ஒரு தடவை ஃபுல் ஆகணுமே"ன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். அதே பவர் பேங்கை கேபிள் போட்டு சார்ஜ் பண்ணா பத்துல எட்டு பங்குக்கு மேல உள்ள போகும். அவசரத்துக்கு கேபிள், நடந்துக்கிட்டே ஏத்துறதுக்கு காந்தம், ரெண்டும் இருக்குற பொருளா வாங்கணும்.

நல்ல கம்பெனிக்காரங்க பின்னாடி இன்னொரு எண்ணும் போட்டிருப்பாங்க, செல் 5000, கையில கிடைக்கிறது இத்தனைன்னு. அந்த ரெண்டாவது எண்ணு 3000 கிட்ட இருக்கும். அதைப் பாத்து ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க, அதை எழுதுறவங்கதான் உண்மையைச் சொல்றவங்க.

சரி, எவ்வளவு வேணும்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் ஒண்ணு பண்ணுங்க. ராத்திரி வீட்டுக்கு வந்தவுடனே எத்தனை பர்சன்ட் மிச்சம்னு எழுதி வைங்க. 15, 20ல வீடு வந்து சேருதுன்னா 5000 தாராளமா போதும். சாயங்காலம் 4 மணிக்கே செத்துப்போகுது, காலையில 6 மணிக்கு துவாஸ் பஸ் ஏறி ராத்திரி 9 மணிக்குத்தான் வீடு, ஓவர்டைம் வேற, ஊருக்கு வீடியோ கால் வேறன்னா 10000 வாங்குங்க. டெலிவரி ஓட்டுறவங்க மேப்பையே பாத்துக்கிட்டு இருக்கணும், அவங்களுக்கு மெலிசே வேணாம்னுதான் சொல்வேன், வண்டியில கேபிள் போட்ட பெரிய பவர் பேங்க்தான் சரி. மத்தவங்க பத்துல ஏழு பேருக்கு 5000 போதும்ங்கிறது என் எண்ணம், பயத்துல 10000 வாங்கிட்டு கனமா இருக்குன்னு மூணாவது மாசமே டிராயர்ல போட்டுடுறாங்க.

நாலாவது: பெட்டியில இருக்குற குறி

காந்த வயர்லெஸ்ஸுக்கு இப்ப பொதுவான தரம் ஒண்ணு இருக்கு, ச்சீ 2. இங்கிலீஷ்ல க்யூ, ஐ, ரெண்டுன்னு எழுதியிருக்கும், படிக்கிறது ச்சீ டூ. வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம்ங்கிற அமைப்பு 2023ல அறிவிச்சது, ஆப்பிள் தன்னோட மேக்சேஃப் காந்த முறையை அதுக்குள்ள கொடுத்தது. அதுல 15 வாட் வரைக்கும் போகும், 2025ல 25 வாட் வகையும் வந்துடுச்சு. குறி இல்லாத காந்தப் பவர் பேங்க் ஐஃபோன்ல பெரும்பாலும் 7.5 வாட்ல நின்னுடும், பெட்டியில 15, 20னு என்ன எழுதியிருந்தாலும் சரி. அந்த 20 பெரும்பாலும் கேபிள் போட்டா வர்ற வேகம், அதைப் பெருசா முன்னாடி எழுதி, காந்தத்துல வர்றதை பின்னாடி பொடியா எழுதுவாங்க. வயர்லெஸ் எத்தனை, கேபிள் எத்தனைன்னு தனித்தனியா பாருங்க.

"மேக்சேஃப்புக்குப் பொருந்தும்"னு எழுதியிருந்தா அதுக்கு அர்த்தம் ஒட்டும்ங்கிறது மட்டும்தான், வேகத்தைப் பத்தி அது எதுவுமே சொல்லல. ச்சீ 2 குறி உண்மையான்னு சந்தேகமிருந்தா அந்தக் கன்சார்ட்டியம் தன்னோட வெப்சைட்ல சான்று வாங்கின பொருளோட பட்டியல் வச்சிருக்காங்க, மாடல் எண்ணைப் போட்டுத் தேடலாம், ரெண்டு நிமிஷ வேலை. ஐஃபோன் 12 வச்சிருக்கவங்க ஐஓஎஸ் 17.4க்கு மேல இருக்கான்னு பாத்துக்குங்க, அதுக்கு அப்புறம்தான் அதுல ச்சீ 2 வேகம் வந்துச்சு.

25 வாட் வாங்கணுமான்னு கேட்டா, மெலிசு 5000க்கு வேணாம்னுதான் நான் சொல்வேன். காரணம் அடுத்தது.

சூடு

நம்ம ஊர்ல மத்தியானம் 32, 33 டிகிரி சாதாரணம். ஐஃபோனை 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்றாங்க, அப்ப நமக்கு இருக்குற இடைவெளியே ரெண்டு மூணு டிகிரிதான். வயர்லெஸ் சார்ஜ்ல சூடு ஹேண்ட்போனோட முதுகுல, பேட்டரிக்கு மேலயே உருவாகுது, அதுக்கு மேல பவர் பேங்கை ஒட்டி மூடி வைக்கிறோம், அதுக்கும் மேல ஜீன்ஸ் பேக்கெட். ஹேண்ட்போன் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கும், ரொம்ப சூடானா 80 பர்சன்ட்ல நிறுத்திடும், பவர் பேங்க் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறவங்க பாதிப் பேரு பாத்தது இதைத்தான். வெயில்ல மேப் போட்டுக்கிட்டு நடக்கறப்போ 15 வாட்னு வாங்கினது 5 வாட்டா ஆகுறது இப்படித்தான்.

அதனால எப்ப ஏத்துறதுன்னு பழக்கப்படுத்திக்குங்க. எம்ஆர்டிக்குள்ள ஏர்கான் இருக்கு, ஆபீஸ்ல இருக்கு, அங்க ஏத்துங்க, ஒட்டி வச்சுக்கிட்டே கேம் ஆடாதீங்க, 80 வந்தவுடனே கழட்டிடுங்க. நான் பூன் லேல ஏறினா சிட்டி வர்றதுக்குள்ள தேவையானது ஏறிடுது, மெலிசு பவர் பேங்க்குக்கு அதுதான் சரியான வேலை. அலுமினியத்துல செஞ்சது சூட்டை வெளிய தள்ளும், கையில தொட்டா சூடா இருக்குற மாதிரி தெரியும், அது நல்லதுதான். முழுக்க ரப்பர் பூசினது கைக்கு இதமா இருக்கும், சூட்டை உள்ள வச்சுக்கும்.

கடையில கையில எடுத்துப் பாக்குறப்போ

உங்க ஹேண்ட்போனை கவரோடவே எடுத்துட்டுப் போங்க, டெமோ பீஸ் கேளுங்க. ஒட்டிட்டு ரெண்டையும் தூக்கி ஆட்டுறது பரீட்சை இல்ல, நேரா இழுத்தா எல்லா காந்தமும் பிடிக்கும். பக்கவாட்டுல கட்டைவிரலால தள்ளிப் பாருங்க, கொஞ்சம் திருகிப் பாருங்க, பாக்கெட்லேர்ந்து எடுக்குறப்போ நழுவறது அந்தப் பக்கம்தான். அப்புறம் கேமரா மேட்டைப் பாருங்க. ப்ரோ மாடல்ல மேடு பெருசு, பவர் பேங்க் ஒரு நூல் உயரமா இருந்தாலும் அது மேல ஏறி உக்காந்து, சாய்ஞ்சு நிக்கும், சுருள் நேரா வராது, சார்ஜ் மெதுவாகும். 12 மினி, 13 மினி வச்சிருக்கவங்களுக்கு 10000 பெரும்பாலும் ஓரத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்.

மெலிசுன்னா எவ்வளவு மெலிசு? ஆங்கர் மேக்கோ ஸ்லிம் 5000 ஒண்ணு 8.6 மில்லிமீட்டர், ஷாவ்மி 6 மில்லிமீட்டர்ல 5000 ஒண்ணு விட்டிருக்காங்க, ஆங்கரோட 10000 ஸ்லிம் 14.7. கவர் போட்ட ஹேண்ட்போன் பத்து மில்லிமீட்டருக்கு மேலயே வரும், அதோட கூட்டிப் பாருங்க. என் கைக்கு 9க்குள்ள இருந்தா ஒட்டியிருக்குறதே மறந்துபோகுது, 15 ஆனா ஒரு கையில டைப் பண்ண முடியல. பின்னாடி மடக்கு ஸ்டாண்ட் வச்சது வசதியா தெரியும், அதுக்காகவே ரெண்டு மூணு மில்லிமீட்டர் கூடும்.

கனத்தையும் பாருங்க, இது பொய்யைக் கண்டுபிடிக்கிற சுலபமான வழி. நல்ல 5000 ஒண்ணு 100லேர்ந்து 140 கிராம், 10000 ஒண்ணு 200 கிராம் சுத்துப்பட்டு. 10000னு எழுதி 120 கிராம்தான் இருந்தா உள்ள செல் அவ்வளவு இருக்க வழியே இல்ல, அத்தனை சக்தியை அவ்வளவு லேசா அடைக்கிற செல்லு கடை விலைக்கு வர்றதில்ல. அக்கா பையன் அனுப்பின லிங்க்ல கனம் 115 கிராம்னு அவங்களே போட்டிருந்தாங்க.

மீதி சின்னச் சின்ன விஷயம்: ஒட்டினவுடனே தானா ஆரம்பிக்குதா இல்ல பட்டனை அழுத்தணுமா, எத்தனை மிச்சம்னு எண்ணுல காட்டுதா நாலு எல்இடியா, யூஎஸ்பி சி ஓட்டை வாங்கவும் கொடுக்கவும் ரெண்டுக்கும் ஆகுதா. கேபிள்ல 20 வாட் கொடுத்தா நல்லது. சிலிகான் கவர்ல வட்டமா தடம் விழும், அது காந்தப் பொருள் எல்லாத்துலயும் உண்டு.

பாதுகாப்பு, இதுல மட்டும் காசு பாக்காதீங்க

பவர் பேங்க் ஒரு லித்தியம் பேட்டரி. நல்ல பேரு இருக்குற கம்பெனிக்குக்கூட செல் சப்ளை பண்றவங்க தப்பு பண்ணா மாட்டிக்கும். 2025 ஜூன்ல ஆங்கர் உலகம் முழுக்க திருப்பி வாங்கின பட்டியல்ல ஏ1652ங்கிற 10000 காந்தப் பவர் பேங்க்கும் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஏப்ரல்ல அமெரிக்காவுல கேஸ்லி கம்பெனியோட 5000 காந்தப் பவர் பேங்க், மாடல் இ33ஏ, சுமார் 429,000 எண்ணம் திருப்பி வாங்கினாங்க, சூடாகி வீங்கி தீப்பிடிச்ச புகார் வந்ததால. பெரிய பேரை ஒதுக்கணும்னு சொல்லல, திருப்பி வாங்குறாங்கன்னா கேக்க ஒரு ஆள் இருக்காங்கன்னு அர்த்தம், பேரே இல்லாத பொருளுக்கு அந்த ஆளும் கிடையாது. இப்ப வீட்ல இருக்குறதை எடுத்து பின்னாடி இருக்குற மாடல் எண்ணை கம்பெனி வெப்சைட்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க, செகண்ட்ஹேண்ட்ல வாங்குறவங்க கண்டிப்பா பாக்கணும்.

பின்னாடி மாடல் எண், வாட் ஹவர், கம்பெனி பேரு மூணும் தெளிவா அச்சடிச்சிருக்கணும். இதுல ஒண்ணு இல்லேன்னாலும் வாங்க வேணாம். பவர் பேங்கை சார்ஜ் பண்ற சுவர் அடாப்டருக்கு நம்ம ஊர்ல சேஃப்டி மார்க் கட்டாயம், இணையத்துல வெளியூர்லேர்ந்து வர்ற மலிவு அடாப்டர்ல பெரும்பாலும் அது இருக்காது.

எங்க வாங்கறது

முஸ்தபா, சிம் லிம், பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை, ஷாப்பீ, லஸாடா, எங்க வேணா வாங்கலாம், ரெண்டு மட்டும் பாருங்க. இணையத்துலன்னா அந்தக் கம்பெனியோட அதிகாரப்பூர்வ கடையா, உள்ளூர் வாரன்ட்டி உண்டா. கடையிலன்னா ரசீது. நம்ம ஊர்ல 2012 செப்டம்பர்லேர்ந்து லெமன் லா இருக்கு, வாங்கி ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது வாங்குறப்பவே இருந்த கோளாறுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லேன்னு கடைக்காரர்தான் நிரூபிக்கணும். சரி பண்ணியோ மாத்தியோ கொடுக்கணும், முடியலேன்னா விலையைக் குறைக்கணும் இல்ல பணத்தைத் திருப்பணும். ஆனா தனி ஆள்கிட்ட செகண்ட்ஹேண்ட்ல வாங்கினா இது செல்லாது. "சார்ஜர் சாமானுக்கெல்லாம் மாத்தித் தர மாட்டோம்"னு போர்டு வச்சிருந்தாலும் அந்த உரிமை போயிடாது, பயப்படாம கேளுங்க, கடைக்காரரை "அண்ணே"ன்னு கூப்பிட்டு தன்மையா கேட்டாலே பாதி நேரம் முடிஞ்சுடும், முடியலேன்னா கேஸ்ங்கிற பயனீட்டாளர் சங்கத்துகிட்ட போகலாம்.

வாங்கின முதல் வாரம்

ரசீது சூடா இருக்குறப்பவே சோதிச்சுடுங்க. பவர் பேங்கை முழுசா ஏத்துங்க, ஹேண்ட்போன் 10 பர்சன்ட் வர்ற வரைக்கும் விடுங்க, ஏர்கான் அறையில ஸ்க்ரீனை அணைச்சு ஒட்டி வைங்க, எத்தனை பர்சன்ட் வரைக்கும் ஏறுதுன்னு எழுதுங்க. மேல சொன்ன கணக்கோட ஒப்பிடுங்க. சாதா ஐஃபோன்ல 5000 வச்சு 50 பர்சன்ட் கூட ஏறலேன்னா ஏதோ சரியில்ல, திருப்பிக் கொடுங்க. தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கையில பிடிக்க முடியாத சூடு இருக்கக்கூடாது. மேஜை மேல படுக்க வச்சு தட்டையா இருக்கான்னு பாத்து ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, பின்னாடி வீங்குதான்னு ஒப்பிட அது உதவும்.

ஊருக்குப் போறப்போ

பவர் பேங்கை செக் இன் பெட்டியில போடவே கூடாது, கைப்பையிலதான். 100 வாட் ஹவருக்குள்ள இருந்தா அனுமதி கேக்க வேணாம், நம்ம 19ம் 38ம் அதுக்கு ரொம்பக் கீழ. ஆனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்லயும் ஸ்கூட்லயும் 2025 ஏப்ரல் 1லேர்ந்து பறக்குறப்போ பவர் பேங்க்ல ஹேண்ட்போனை ஏத்தவும் கூடாது, சீட் யூஎஸ்பியில பவர் பேங்கை ஏத்தவும் கூடாது. காந்தத்துல ஒட்டி வச்சிருக்குறதும் ஏத்துறதுதான், அதனால உக்காந்தவுடனே கழட்டி வைங்க. அந்த வருஷம் ஜனவரியில கொரியாவுல கிம்ஹே விமான நிலையத்துல ஏர் பூசான் விமானம் எரிஞ்சதை டிவில பாத்திருப்பீங்க, மேல லாக்கர்ல இருந்த பவர் பேங்க்கா இருக்கலாம்னுதான் விசாரணையில சொன்னாங்க. லாக்கர்ல வைக்காம முன்னாடி சீட் பாக்கெட்லயோ கால் பக்கத்துலயோ வைங்க, புகை வந்தா உடனே கண்ணுல படணும். சீனாவுக்குள்ள பறக்குறதா இருந்தா 2025 ஜூன் 28லேர்ந்து 3சி குறி, அதாவது சீனாவோட கட்டாயத் தரச்சான்றுக் குறி, இல்லாத பவர் பேங்கை விடுறதில்ல. ஏர்லைனுக்கு ஏர்லைன் விதி வேற, அடிக்கடி மாறுது, டிக்கெட்டோட சேத்து அதையும் படிச்சுடுங்க.

திருச்சிக்குப் போறப்போ நான் சாங்கியிலயே ஹேண்ட்போனை 100 ஆக்கிட்டுத்தான் ஏறுவேன், இறங்கி டாக்சி பிடிக்கிற வரைக்கும் அது தாங்கும். ஊர்ல ராத்திரி கரண்ட் போச்சுன்னா அம்மா ஹேண்ட்போனுக்கு இந்த மெலிசு பவர் பேங்க்தான் துணை.

வீட்ல வச்சுக்குறது, தூக்கிப் போடுறது

தலையணைக்குக் கீழ வச்சு ஏத்தாதீங்க, தூங்குறப்போ ஏத்தாதீங்க, வீட்டு வாசல் பக்கத்துல ஏத்தாதீங்க, ஏதாவது ஆச்சுன்னா வெளிய ஓட வேண்டிய வழி அது. கார் டேஷ்போர்டுல விட்டுட்டுப் போகாதீங்க. ரொம்ப நாள் பயன்படுத்தாம வைக்கிறதா இருந்தா பாதி சார்ஜ்ல வைங்க.

எங்கிட்ட இருந்த முதல் காந்தப் பவர் பேங்க், ஒரு தள்ளுவண்டிக் கடையில வாங்கினது, எட்டாவது மாசம் மேஜையில வச்சா ஆடுச்சு. ஓரத்துல மூடி ஒரு நூல் பிரிஞ்சிருந்துச்சு. மெலிசு பொருள்ல வீக்கம் சீக்கிரம் தெரியும், அது ஒரு நல்லதுதான். வீங்கினா அதுக்கப்புறம் ஒரு தடவை கூட ஏத்தாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க, எரியாத இடத்துல தனியா வைங்க, புகை வந்தா விலகி 995. குப்பைக் குழாயில மட்டும் போட்டுடாதீங்க, கீழ நசுங்கி தீப்பிடிச்சா அந்த புளோக் முழுக்கப் பாதிக்கும். 2021 ஜூலையிலேர்ந்து நம்ம ஊர்ல மின்கழிவு சேகரிப்புத் திட்டம் இருக்கு, அதை நடத்துறவங்க மால்லயும் சமூக மன்றத்துலயும் தொட்டி வச்சிருக்காங்க, 300 சதுர மீட்டருக்கு மேல இருக்குற எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் வாங்கிக்கணும். பழசாயி சார்ஜ் நிக்காதது, ஆனா வீங்காததுன்னா யூஎஸ்பி ஓட்டை மேல டேப் ஒட்டி அந்தத் தொட்டியில போடலாம். வீங்கினதை அப்படியே தொட்டியில போடாதீங்க, முதல்ல அந்தத் திட்டத்தை நடத்துறவங்களுக்கு ஃபோன் பண்ணி எங்க கொண்டுவரணும்னு கேட்டுட்டுப் போங்க.